மூஞ்சிக்கல் தொங்கிய தெரு

கும்மிடிப்பூண்டிக்கு ஊர் பார்க்கப் போகிறவர் யாரும் இல்லை. வேலைக்குப் போகிறார்கள், வேலை கேட்டுப் போகிறார்கள், வேலை போன பிறகு கணக்கு முடிக்கப் போகிறார்கள். சென்னை சென்ட்ரலை ஒட்டிய புறநகர் நிலையத்தில் பதினைந்து ரூபாய்க்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு, தோளில் ஒரு துணிப்பையும் அதற்குள் பழைய புடவையில் சுற்றிய இரண்டு பிளாஸ்டர் கட்டிகளுமாக நான் காலை வண்டியில் ஏறினேன். இரவெல்லாம் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்த களைப்பு. ஜன்னலோரம் கிடைத்ததே பெரிய விஷயம்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். என் ஆராய்ச்சி திமிங்கிலத்தின் காது எலும்பு. கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரரிடம் இதைச் சொன்னால் அவர் பாயசம் வரும்வரை மறுபடி வாயைத் திறக்க மாட்டார். ஆனால் விஷயம் எளிமையானது. திமிங்கிலம் செத்தால் உடம்பு அழுகி எலும்பெல்லாம் கடலடியில் சிதறிப்போகும். காது எலும்பு மட்டும் கல் போல் கெட்டி. மண்டையோட்டில் லேசாகத்தான் ஒட்டியிருக்கும். அது தனியே கழன்று விழுந்து சேற்றில் புதைந்து, பல லட்சம் ஆண்டு கழித்தும் அப்படியே கிடக்கும். உள்ளங்கை அளவு எலும்புதான், ஆனால் அதன் வடிவத்தை வைத்து எந்த வகைத் திமிங்கிலம் என்று சொல்லிவிடலாம். என் பையில் இருந்த பிளாஸ்டர் கட்டிகள் அப்படிப்பட்ட இரண்டு எலும்புகளின் வார்ப்புகள். அசலைக் கொண்டு வந்திருந்தால் நானும் உள்ளே போக வேண்டியதுதான். திமிங்கிலத்தின் எந்தப் பாகத்தையும் அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம்.

அந்தக் குற்றத்துக்காகத்தான் ஒருவர் உள்ளே இருந்தார். திருவள்ளூர் மணவாள நகரிலிருந்து கலைவாணி என்ற வக்கீல் போன் செய்து சொன்ன கதை இது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பாஸ்பேட் மில். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் பாஸ்பேட் பாறையை அரைத்து உரமாக்கும் இடம். அங்கே காண்டிராக்டில் வேலை பார்க்கும் தானியேல் என்பவர் வீட்டில் திமிங்கில எலும்பு இருந்ததென்று வனத்துறை பிடித்துப்போய்விட்டது. மூன்று ஆண்டுக்குக் குறையாமல் தண்டனை கிடைக்கலாம். வக்கீல் ஒரு படம் அனுப்பினார். "மேடம், இது புதுசா, பழசான்னு மட்டும் நீங்க சொன்னா போதும்" என்றார்.

படத்தைப் பார்த்ததும் எனக்கு அந்த மனிதர் மேல் இரக்கம் வந்ததென்று சொல்ல ஆசைதான். வந்தது பேராசை. ரைட் திமிங்கிலம் என்று ஒரு வகை உண்டு. மெதுவாக நீந்தும், கொழுப்பு நிறைய, குத்திக் கொன்றால் முழுகாமல் மிதக்கும். கொல்வதற்குச் சரியான திமிங்கிலம் இதுதான் என்று பழைய வேட்டைக்காரர்கள் வைத்த பெயர் அது. வேறொரு பிராணிக்கு இவ்வளவு கேவலமான பெயர் இருக்குமா என்று தெரியவில்லை. அது வடகோடி, தென்கோடிக் குளிர்கடல்களில் வாழ்வது. நம் கடலில் கிடையாது. அதன் காது எலும்பு ஒன்று, அதுவும் கல்லாகிப்போனது, கும்மிடிப்பூண்டியில் ஒரு லைன் வீட்டில் எப்படி? அன்றே டிக்கெட் போட்டுவிட்டேன்.

மீஞ்சூர் தாண்டியதும் வண்டியில் பாதிக் கூட்டம் கரைந்தது. கிழக்கே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், மேற்கே நாற்று நட்ட வயல். பொன்னேரி, கவரைப்பேட்டை. சீருடை போட்ட பெண்கள் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். தங்கள் நிலையம் வந்ததும் யாரும் எழுப்பாமலே எழுந்துகொண்டார்கள். கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. நிலைய வாசலில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

"எங்க மேடம் போணும்?" என்றார் ஆட்டோக்காரர்.

"சிப்காட் பின்னால, ஏரிக்கரை லைன் வீடு. எவ்வளவு கேக்கிய?"

"இருவது ரூபா. இன்னா, தூத்துக்குடி சைடா நீங்க? பேச்சுலயே தெரியுது." கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அந்தத் திமிங்கல ஊட்டுக்கா? டிவிகாரங்களா?"

இல்லை என்றேன். அவர் விடவில்லை. "கோடி ரூபா சரக்காம் மேடம் அது. திமிங்கலம் வாந்தி எடுத்தது. டப்பு ஆச யாரத்தான் வுட்டுது? ஒயுங்கா கூலி வேல பாத்துக்கினு இருந்த ஆளு."

எலும்பு வேறு, வாசனைத் திரவியத்துக்கு விற்கிற வாந்தி வேறு என்று விளக்கினேன். ஒரு லாரி ஹாரன் அடித்ததில் அது அவர் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் கோடி ரூபாய்க் கதையை அவர் விட்டுக்கொடுத்திருக்க மாட்டார்.

ஏரிக்கரையை ஒட்டி எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள். ஹாலோ பிளாக் சுவர், சிமெண்ட் ஷீட் கூரை. மில்லே கட்டி வாடகைக்கு விட்டது. மில்லில் வேலை செய்பவர்கள் மட்டும்தான் குடியிருப்பு. படியில், ஜன்னல் கம்பியில், துளசிச் செடியின் இலையில் எல்லாம் சாம்பல் பழுப்பில் நுண்ணிய மாவு படிந்திருந்தது. முதல் வீட்டு நிலைப்படியில் ஒரு கறுப்புக் கயிறு தொங்கியது. கண் திருஷ்டிக்குப் படிகாரம் கட்டுவார்களே, அந்தக் கயிறு. ஆனால் முனையில் ஒன்றும் இல்லை. அடுத்த வீட்டிலும் கயிறு, முனையில் ஒன்றும் இல்லை. அதற்கடுத்ததும் அப்படித்தான். தெரு முழுக்க வெறுங்கயிறு.

தானியேலின் மனைவி எஸ்தர் வாசலிலேயே நின்றிருந்தார். முப்பது வயது இருக்கும். அதே மில்லில் சாக்குத் தைக்கும் வேலை. "உள்ள வாங்க மேடம். நாஷ்டா துன்னீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இட்லியை எடுத்து வைத்துவிட்டார். நான் கயிற்றைப் பற்றிக் கேட்டேன்.

"அது மூஞ்சிக்கல்லு கட்டுன கயிறு மேடம்" என்றார்.

மில்லில் பாறை அரைபட்டு சல்லடைக்கு வரும். மாவு கீழே இறங்கிவிடும், கெட்டிக் கற்கள் மேலேயே துள்ளிக்கொண்டு நிற்கும். அவற்றைப் பொறுக்கித் தள்ளுவது சல்லடை ஆட்களின் வேலை. பின்பக்கத்துப் பள்ளத்தில் கொட்டிவிடுவார்கள். அதில் எப்போதாவது ஒரு கல், கன்னம் உப்பி வாய் பிளந்து மனித மூஞ்சி போலவே வரும். மூஞ்சி உள்ள கல்லைப் பள்ளத்தில் போடக் கூடாது, போட்டால் அன்றைக்கு எவர் கையாவது மெஷினில் மாட்டும் என்று சல்லடை ஆட்களுக்குள் ஒரு நம்பிக்கை. அதனால் டிபன் பாக்ஸில் சோற்றுக்கடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து வாசலில் கட்டுவார்கள். கண்ணும் படாது, கையும் தப்பும். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் மூஞ்சிக்கல் கிடைத்தால் மற்றவர்களுக்கு டீ வாங்கித் தர வேண்டுமாம்.

"எங்க ஊட்ல மட்டும் உள்பக்கமா கட்டியிருந்தோம். பாஸ்டர் வந்தா திட்டுவாரு. என் தம்பி மீஞ்சூர்ல மொபைல் கட வச்சிக்கிறான். வந்தவன் கல்ல படம் புடிச்சு போன்ல போட்டுத் தேடிப் பாத்தான். திமிங்கலத்துக் காதுன்னு வந்துச்சு. 'எங்க அக்கா ஊட்ல திமிங்கலம்'னு வீடியோ வுட்டான். மறுநாளே ஜீப்பு."

"மத்த வீட்டுக் கல்லெல்லாம் எங்க?"

"ஜீப்பப் பாத்ததும் எல்லாரும் கல்ல அறுத்து ஏரில வுட்டுட்டாங்க."

கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். இருபது, இருபத்தைந்து காது எலும்புகள். என் ஆயுசில் அத்தனையை ஒருசேரப் பார்த்ததில்லை. எல்லாம் சேற்றில். கல்லாகிப்போன எலும்புக்கு வனவிலங்குச் சட்டம் பொருந்தாது, அவற்றில் நாலைந்து இருந்தாலே போதும், எல்லாம் மில்லில் இருந்து வந்தவை என்று காட்டி அந்த மனிதரை ஒரே நாளில் வெளியே கொண்டுவந்திருக்கலாம். அதைச் சொன்னேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அதற்குள் எதிர்வீட்டுக் குப்பம்மா உள்ளே வந்து நின்றுவிட்டார். பேச்சையெல்லாம் கேட்டிருக்கிறார். "மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போவும். மில்லு பேர மட்டும் எழுதிடாதீங்க. கேட்ல தலமுடியக்கூட அவுத்துக் காமிச்சிட்டுதான் வெளிய வர்றோம். ஒரு சாக்கு நூலு எட்தா வேல காலி. கல்லு எட்தாந்தோம்னு தெரிஞ்சா தெருவயே கூண்டோட தூக்கிடுவான். ஊடும் மில்லுக்காரனுதுதான்."

"அது பள்ளத்தில் கொட்டுகிற கல்தானே?" என்றேன்.

"குப்பையா இருந்தாலும் கம்பெனி குப்ப மேடம்" என்றார் குப்பம்மா.

அவர் போன பிறகுதான் எஸ்தர் மிச்சத்தைச் சொன்னார். பிடித்துப்போனவர்கள் எலும்பு ஏது என்று கேட்டிருக்கிறார்கள். மில் என்று சொன்னால் தெருவுக்கே வேலை போகும். தானியேல் யோசித்து, யாருக்கும் கெடுதல் வராத பதிலாக ஒன்றைச் சொல்லியிருக்கிறார். பழவேற்காட்டுக் கடற்கரையில் பொறுக்கினேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். கடற்கரையில் எல்லாரும் கிளிஞ்சல் பொறுக்குகிறார்கள், அதிலென்ன குற்றம் என்று நினைத்திருக்கிறார்.

அதுதான் குற்றமே. கேட் சோதனைக்குப் பயந்து பழகிய ஒருவருக்கு மில்லுக்குள் எடுத்த கல் களவாகவும், கடலோரம் எடுத்த எலும்பு கள்ளமில்லாததாகவும் தெரிந்திருக்கிறது. சட்டத்தில் அது அப்படியே தலைகீழ். எனக்கு யார் மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை.

அன்று மதியம் மில்லுக்குப் போனேன். பெயர் வேண்டாம், எழுதினால் எனக்கும் நோட்டீஸ் வரும். வெளியில் அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, மனிதவள அதிகாரி ஒருவர் குளிர் அறைக்கு அழைத்தார். நல்ல தமிழ், நல்ல சட்டை. ஒரு குவளையில் பாதாம் பால் கொடுத்தார். யார் வீட்டில் என்ன தொங்கியது என்று நான் வாயைத் திறக்கவில்லை. பொதுவாக, பாஸ்பேட் பாறை ஒரு பழைய கடலடிதான், அதில் திமிங்கில எலும்பு வருவது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம், அதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். தானியேல் வழக்கு அவருக்கும் தெரிந்திருந்தது. "மேடம், நீங்க சயின்ஸ் சொல்றீங்க. நான் அட்மின் சொல்றேன். அது எங்க மெட்டீரியல் இல்லன்னா எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. எங்க மெட்டீரியல்னா அந்த ஆள் திருடியிருக்கார். ரெண்டுல எதை எழுதித் தரணும், சொல்லுங்க?"

"நீங்க பள்ளத்துல கொட்டுறதுதானே அது?"

"பள்ளமும் எங்களோடதுதான்."

இவரும் குப்பம்மாவும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். ஒருவர் பயந்து சொன்னார், இவர் பாதாம் பாலோடு சொன்னார். அவ்வளவுதான் வித்தியாசம். வெளியே வரும்போது காவலாளி என் துணிப்பையைப் பிரித்துப் பார்த்து, பிளாஸ்டர் கட்டிகளை உள்ளே போகும்போது பதிவு செய்தேனா என்று கேட்டார்.

மறுநாள் காலை எஸ்தரும் நானும் திருவள்ளூருக்குக் கிளம்பினோம். கும்மிடிப்பூண்டியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். ஒரே மாவட்டம்தான், ஆனால் நேர் பஸ் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பெரியபாளையத்தில் இறங்கி வேறு பஸ் மாறினோம். கோயிலுக்கு வந்த கூட்டத்தில் வேப்பிலை வாசனை. காக்களூர் தொழிற்பேட்டை போர்டு தெரிந்தபோது எஸ்தர், "இங்க கூட சாக்குத் தைக்க ஆள் எடுக்கறாங்களாம்" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வக்கீல் கலைவாணி மணவாள நகரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து வனத்துறை அலுவலக வாசலில் காத்திருந்தார். ரேஞ்சர் என்னவோ வில்லனாக இருப்பார் என்று நினைத்துப் போயிருந்தேன். இல்லை. ஐம்பது வயதுக்காரர், கண்ணில் தூக்கக் களைப்பு. "நான் என்ன மேடம் பண்றது? வீடியோவுல திமிங்கிலம்னு வருது. ஆளே கடற்கரையில எடுத்தேன்னு எழுதித் தர்றாரு. விட்டா என்னைக் கேப்பாங்க" என்றார். சீல் வைத்த பொட்டலத்தைச் சாட்சிகள் முன்னால் பிரித்து என் முன் வைத்தார்.

கையில் எடுத்ததுமே தெரிந்தது. அளவுக்கு மீறிய கனம். கறுப்பும் பழுப்புமாக, எண்ணெய் தடவித் துடைத்தது போன்ற மினுக்கம். நகத்தால் தட்டினேன், பீங்கான் சத்தம் வந்தது. கடலோரம் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்பு வெளுத்திருக்கும், ஆண்டுக்கணக்கில் எண்ணெய் வீச்சம் போகாது. இதில் வாசனையே இல்லை. உள்குழிவில் கடுகு கடுகாகச் சாம்பல் மணிகள் இறுகிப்போய்க் கிடந்தன. எஸ்தர் வீட்டு வாசல்படியில் முந்தின நாள் நான் மிதித்த அதே மாவு, அரைபடாத நிலையில்.

பையிலிருந்து இரண்டு வார்ப்புகளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒன்று நம் கடலில் திரியும் பிரைடு திமிங்கிலத்தின் காது. பெரிய சோழி போல உருண்டு உப்பியிருக்கும். இன்னொன்று ரைட் திமிங்கிலத்துடையது, வெளிநாட்டு மியூசியத்தில் கெஞ்சி வாங்கிய வார்ப்பு. அதுவும் சோழி போலத்தான், ஆனால் உள்ளங்கையால் அழுத்திவிட்ட கொழுக்கட்டை மாதிரி தட்டையாகி, நாலு மூலையும் தெரியும். ரேஞ்சர் மூன்றையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தார். எதற்கு எது ஜோடி என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தானியேலின் மூஞ்சிக்கல்லைக் கொழுக்கட்டைக்குப் பக்கத்தில் அவரே நகர்த்தி வைத்தார்.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த ஐந்து நிமிடம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். கல்லாகிப்போன ரைட் திமிங்கிலம் என் கையில். எஸ்தர் சுவரோரம் நின்றுகொண்டிருந்ததே மறந்துவிட்டது.

"அப்ப இது கல்லுதான். வனவிலங்குச் சட்டத்துல வராது" என்றார் ரேஞ்சர்.

"வராது."

"இந்த வகை நம்ம கடல்லயே கிடையாது?"

"கிடையாது."

"அப்படின்னா பழவேற்காட்டுல எப்படி மேடம் பொறுக்கினார்?"

மேலே மின்விசிறி கடகடத்தது. அவர் மறுபடி, குரலை உயர்த்தாமலே சொன்னார். "ஆள் எழுதிக் குடுத்ததுக்கும் நீங்க சொல்றதுக்கும் பொருந்தல. இப்படியே அனுப்பினா கோர்ட்டுல உங்களை நம்புவாங்களா, அவர் கையெழுத்தை நம்புவாங்களா? எங்கிருந்து வந்ததுன்னு ஒரு வரி வேணும்."

கலைவாணி என்னைப் பார்த்தார். அந்த ஒரு வரி எனக்குத் தெரியும். குழிவில் இருக்கும் மணிகளைக் காட்டினால் போதும். குப்பம்மா கும்பிட்டு நின்றது கண்ணில் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் எஸ்தர் முன்னால் வந்துவிட்டார்.

"மில்லுலேர்ந்துதான் சார் எட்தாந்தாரு. டிபன் பாக்ஸ்ல வச்சு. நானே கயுவி எண்ண தடவி வச்சேன். எங்க தெருவுல எல்லார் ஊட்லயும் இருந்துச்சு. கயிறு இன்னும் தொங்கிக்கினு கீது, வந்து பாருங்க."

சொல்லி முடித்ததும் புடவை முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். ரேஞ்சர் அந்தப் பெண்ணுக்கு நாற்காலி போடச் சொன்னார், எழுத ஆரம்பித்தார். நான் என் பங்குக்கு இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு வார்த்தை தவறில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் எழுதுவேன்.

அன்று மாலை திருவள்ளூர் பேருந்து நிலையத்தில் எஸ்தரைக் கும்மிடிப்பூண்டி திசையில் ஏற்றிவிட்டேன். "அவரு வந்துருவாரு இல்ல மேடம்?" என்று மட்டும் கேட்டார். வந்துவிடுவார் என்றேன். அது உண்மைதான்.

மூன்று வாரம் கழித்து மறுபடி கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். இந்தத் தடவை என் சொந்த வேலை. வழக்கு கைவிடப்பட்டு, தானியேல் வெளியே வந்திருந்தார். எலும்பை உரியவரிடம் ஒப்படைக்க உத்தரவாகியிருந்தது. உரியவர் யார்? மில்தான். திருட்டுப் புகார் எதுவும் கொடுக்கவில்லை, அந்த அளவுக்குப் பெருந்தன்மை. எலும்பைக் கல்லூரி அருங்காட்சியகத்துக்குத் தரும்படி எங்கள் பிரின்சிபால் கையெழுத்திட்ட கடிதம் என் பையில் இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் இடம்கூட ஒழித்து வைத்திருந்தேன். எங்கள் அலமாரியில் பதினொரு காது எலும்புகள் இருக்கின்றன, ரைட் திமிங்கிலம் ஒன்றுகூட இல்லை.

அதே குளிர் அறை. இந்தத் தடவை பாதாம் பால் இல்லை.

"அது வந்த அன்னைக்கே ஸ்டாக்ல சேத்தாச்சே மேடம்" என்றார் மனிதவள அதிகாரி.

"ஸ்டாக் என்றால்?"

"ரிஜெக்ட் ஸ்டாக். பின்னாடி பள்ளம். கேட் வழியா உள்ள வந்த மெட்டீரியல் எங்க சேரணுமோ அங்க சேரணும், இல்லன்னா ஆடிட்ல கேப்பாங்க." பாவம் பார்த்து என்னை வெளியே அழைத்துப்போய்க் காட்டினார். பள்ளத்தைக் காணோம். மேலே செம்மண் கொட்டி, ரோலர் ஓட்டி, கான்கிரீட் போட்டு, லாரி நிறுத்துமிடம் ஆக்கியிருந்தார்கள். ஆந்திரா நம்பர் லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு டிரைவர் சக்கர நிழலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. மடத்தனம்தான். மனுஷன் சிறையில் கிடந்ததற்கு அழாதவள் கல்லுக்கு அழுகிறாள் என்று யாராவது கேட்டிருந்தால் நியாயம்தான்.

ஏரிக்கரைத் தெருவுக்கு நடந்தேன். எல்லா வாசலிலும் புதுக் கயிற்றில் படிகாரம். கதவைத் திறந்தவர்கள் எல்லாரும் புதியவர்கள், பாதிப் பேர் இந்தி பேசினார்கள். மில்லில் காண்டிராக்டரை மாற்றிவிட்டார்களாம். பழைய காண்டிராக்டரின் ஆட்கள் ஒருவர் மிச்சமில்லாமல் வேலையும் வீடும் காலி. எவரையும் திருடன் என்று சொல்லவில்லை, எவரிடமும் காரணமும் சொல்லவில்லை. குப்பம்மா எங்கே போனார் என்று கேட்டேன். அப்படி ஒருவர் இருந்ததே அங்கே யாருக்கும் தெரியவில்லை.

எஸ்தருக்குப் போன் போட்டேன். மீஞ்சூரில் தம்பி கடைக்கு மேலே குடியிருப்பதாகச் சொன்னார். திரும்பும் வழிதானே என்று இறங்கினேன். இரும்பு மாடிப்படி ஏறி ஒரே அறை. தானியேலை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். ஒல்லியான ஆள், இரண்டு கையிலும் எல்லா விரலும் பத்திரமாக இருந்தன. எழுந்து நின்று, "வாங்க மேடம்" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு, தானே துண்டால் துடைத்தார். உப்பு லாரியில் லோடு ஏற்றும் வேலை, தினமும் இருக்காது என்றார்.

நான் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். அவர் குறுக்கிட்டார். "உங்க மேல வருத்தம் இல்ல மேடம். நீங்க படிச்சத சொன்னீங்க. நான் உள்ளாற இருந்துக்கினே சமாளிச்சிருப்பேன். மூணு வருசம் ஓடிப் போயிருக்கும். தெருவே பேஜாராப் போச்சு. குப்பம்மா பொண்ணுக்கு நிச்சயம் ஆயிருந்துச்சு, அதும் நின்னுபோச்சு. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு அவங்க முன்னால போறது?" பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, எனக்கு மட்டும் தலையசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். டீத் தம்ளரோடு நின்றிருந்த எஸ்தரைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. மனைவி முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

எஸ்தர் என்னோடு ஸ்டேஷன்வரை நடந்து வந்தார். வழியில் மெயின் ரோட்டில் கொஞ்சம் கனகாம்பரம் வாங்கி, வேண்டாம் என்றாலும் கேட்காமல் என் தலையில் வைத்துவிட்டார். சென்னைக்குப் போகும் வண்டி வர நேரமிருந்தது. பிளாட்பாரத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். என் ஊரைப் பற்றிக் கேட்டார். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் யார் வேலை போனாலும் சாயங்காலத்துக்குள் பத்துப் பேர் வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போவார்கள் என்று ஏதோ பெருமையாகச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவருடைய தெருவும் அப்படித்தானே இருந்திருக்கும்.

"நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதான், எஸ்தர்" என்றேன். "சொல்லாட்டி அவர் இன்னும் உள்ளதான் இருப்பார்."

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி தூரத்தில் தெரிந்தது. நான் எழுந்தேன். அவரும் எழுந்து என் பையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"உள்ளாற இருந்தப்ப வாரத்துக்கு ஒருக்கா மனு போட்டுப் பாக்கப் போவேன் மேடம். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கினு, துன்னியா, தூங்குனியான்னு கேப்பாரு" என்றார். "இப்ப ஒரே ரூம்ல கீறோம். அவரு வாயால அதக் கேக்கறதுக்கு நான் எந்த ஆபீஸ்ல மனு போடறது?"